எலிசபெத் ஃபார்ம்: கயிறு கட்டாத அருங்காட்சியகம்

சிட்னிக்கு மேற்கே, பரமட்டாவை ஒட்டியுள்ள ரோஸ்ஹில் பகுதியில், ஆலிஸ் தெருவில், பழைய மரங்கள் சூழ்ந்த தோட்டத்துக்கு நடுவே எலிசபெத் ஃபார்ம் என்ற வீடு நிற்கிறது. நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரியாக வந்த ஜான் மக்கார்தர் 1793இல் இதைக் கட்டி, தம் மனைவி எலிசபெத்தின் பெயரைச் சூட்டினார். அன்றைய கட்டடத்தின் ஒரு பகுதி இன்றைய வீட்டுக்குள் அப்படியே இருப்பதால், ஆஸ்திரேலியாவில் எஞ்சியுள்ள ஐரோப்பிய வீடுகளுள் மிகப் பழமையானது என்ற பெருமை இதற்கு உண்டு. மாநில அரசின் அருங்காட்சியக அமைப்பு இதைப் பராமரித்து, மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய முதல் தலைமுறைக் குடும்பங்களின் வரலாற்றை அறிந்துகொள்ள எங்கே தொடங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் தயங்காமல் சொல்லும் இடம் இதுதான். ஆனால் இந்த வீடு தன் வரலாற்றை வரவேற்பறையிலிருந்து சொல்கிறது. சமையற்கட்டிலும் வயலிலும் நின்றவர்களின் வரலாற்றையும், இந்த மண் யாருடையதாக இருந்தது என்ற வரலாற்றையும் அறிந்துகொண்டு உள்ளே போகிறவருக்கே இது முழுமையாக விளங்கும்.

முதலில் இந்த இடத்தின் தனிச்சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். வரலாற்று வீடுகளில் அறை வாசலிலேயே கயிறு கட்டியிருப்பார்கள். கட்டிலையும் மேசையையும் தொலைவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்கு நகர வேண்டியதுதான். எலிசபெத் ஃபார்மில் கயிறும் இல்லை, கண்ணாடிப் பெட்டியும் இல்லை. நாற்காலியில் உட்காரலாம், மேசைமேல் இருக்கும் கடிதப் பிரதிகளை எடுத்துப் படிக்கலாம், கணப்படுப்புக்கு அருகே சாய்ந்துகொள்ளலாம். மரச் சாமான்கள் பழையவற்றைப் பார்த்து அதே அளவில், அதே முறையில் செய்யப்பட்ட நகல்கள் என்பதால்தான் இந்தச் சுதந்திரம் சாத்தியமாகிறது. அசல் பொருள் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே அசல் என்பது வீடுதான். செங்கல், சுண்ணாம்பு, கதவு, தரை, வெளிச்சம் உள்ளே விழும் கோணம் ஆகியவைதான் காட்சிப் பொருட்கள். அவற்றை ஓரிடத்தில் அமர்ந்து, அவசரமின்றிப் பார்க்க நாற்காலி நகலாக இருப்பது எவ்வகையிலும் தடையாக இல்லை.

அளவைக் கவனிப்பதிலிருந்து தொடங்குங்கள். ஜான் மக்கார்தர் 1794இல் எழுதிய கடிதத்தில், வீட்டின் முகப்பு 68 அடி, அகலம் 18 அடி, மாடி கிடையாது, தரைத்தளத்தில் நான்கு அறைகளும் ஒரு பெரிய கூடமும் நிலவறையும் உண்டு, ஒட்டினாற்போல் சமையற்கட்டும் வேலையாட்களின் அறைகளும் உள்ளன என்று குறிப்பிடுகிறார். 18 அடி என்பது ஓர் அறையின் ஆழம் மட்டுமே. முன்வாசலில் நுழைந்து சில எட்டுகள் வைத்தால் பழைய வீட்டின் பின்சுவர் வந்துவிடும். அந்தக் குடியேற்றத்திலேயே சிறந்த வீடு என்று கொண்டாடப்பட்டது இவ்வளவு ஒடுக்கமானது என்பதை எந்தப் புத்தகமும் இப்படி உடலால் உணர வைக்காது. பிறகு முன்தாழ்வாரத்துக்கு வாருங்கள். கல் பாவிய தரையும் மெலிந்த தூண்களும் சரிந்து இறங்கும் கூரையும் கொண்ட இந்தத் தாழ்வாரம் பின்னாளில் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்த ஒரு குடும்பம், தன் ஊரில் கண்டிராத வெயிலுக்கு எப்படிப் பழகிக்கொண்டது என்பதற்கு அந்த நிழலே சான்று. ஜனவரி மாத நடுப்பகலில் அங்கே அமர்ந்தால், வீட்டுக்குள்ளிருப்பவர்கள் ஏன் நாளின் பாதியை வெளியில் கழித்தார்கள் என்பது புரிந்துவிடும்.

இதே அமைப்பின் பராமரிப்பில், வடமேற்கே ரௌஸ் ஹில்லில், ரௌஸ் குடும்பத்தின் பண்ணை வீடு இருக்கிறது. ரிச்சர்ட் ரௌஸ் 1813இல் கட்டத் தொடங்கிய அந்த வீட்டில் ஆறு தலைமுறைகள் தொடர்ந்து வாழ்ந்தன. எதையும் வீசியெறியாத குடும்பம் என்பதால் ஒவ்வொரு தலைமுறையின் பொருளும் முந்தைய தலைமுறையின் பொருளோடு கலந்து கிடக்கிறது. அங்கே பொருட்கள் பேசுகின்றன, தொடுவதற்கு இடமில்லை. இரண்டையும் பார்க்க நேரமிருப்பவர்கள் முதலில் எலிசபெத் ஃபார்முக்கும் பிறகு ரௌஸ் ஹில்லுக்கும் போவது நல்லது. இங்கே மனத்தில் பதிந்த அறைகளை அங்கே உள்ள பொருட்களால் நிரப்பிப் பார்க்க முடியும்.

இந்த வீட்டின் வரலாறு எலிசபெத்தின் வரலாறு என்றே நான் கருதுகிறேன். 1766இல் டெவனின் பிரிட்ஜ்ரூல் கிராமத்தில் பிறந்த எலிசபெத் வீல், 1788இல் ஜானை மணந்து, அடுத்த ஆண்டே கைக்குழந்தை எட்வர்டுடன், பிரிட்டன் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்பிய இரண்டாம் கப்பல் தொகுதியில் புறப்பட்டார். அவர்கள் ஏறிய நெப்டியூன் கப்பல், அந்தத் தொகுதியிலேயே மிகக் கொடுமையானது. ஏறத்தாழ 500 கைதிகளுடன் கிளம்பிய அக்கப்பலில் 150 பேருக்கு மேல் வழியிலேயே இறந்தனர். பெண் கைதிகளை அடைத்திருந்த பகுதிக்கும் இவர்களுடைய அறைக்கும் இடையே மெல்லிய பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது. கப்பல் தலைவர்களோடு ஜான் தொடர்ந்து சச்சரவிட்டதன் முடிவில், நடுக்கடலில் குடும்பம் ஸ்கார்பரோ என்ற கப்பலுக்கு மாறியது. பயணத்தின்போதே குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை. 1790 ஜூன் இறுதியில் சிட்னியில் இறங்கியபோது எலிசபெத்துக்கு 24 வயது நிறைந்திருக்கவில்லை.

பிரிட்ஜ்ரூல் பாதிரியாரின் மகளும் தம் தோழியுமான பிரிஜெட் கிங்டனுக்கு அவர் எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் இந்த அறைகள் வேறு மாதிரித் தோன்றும். பேசிப் பழகப் படித்த பெண்கள் அதிகம் இல்லாத ஊரில், அவர் வில்லியம் டாஸ் என்ற அதிகாரியிடம் வானியல் கற்க முயன்றார், தாவரவியல் படித்தார், சிரியஸ் கப்பலின் மருத்துவர் ஜார்ஜ் வோர்கனிடம் பியானோ பழகினார். 1791இல் வோர்கன் ஊர் திரும்பியபோது தம் பியானோவை எலிசபெத்திடமே விட்டுச் சென்றார். முதல் கப்பல் தொகுதியோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்திறங்கிய பியானோ அது. நாடு முழுவதும் பசியால் வாடிய ஆண்டுகளில், மண் சுவர்களுக்கு நடுவே ஒரு பெண் வானியலும் இசையும் கற்றுக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது, அவருடைய மன உறுதியின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது.

1793 பிப்ரவரியில் தற்காலிக ஆளுநர் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் குரோஸ், பரமட்டாவில் ஜானுக்கு 100 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அடுத்த ஆண்டுக் கடிதத்தில் ஜான் கொடுக்கும் கணக்கு வியப்பூட்டுகிறது. 400 பவுண்டுக்கு விளைச்சல் விற்றாயிற்று, களஞ்சியத்தில் 1,800 புஷலுக்கு (தானியம் அளக்கும் பழைய ஆங்கில அளவு) மேல் தானியம் இருப்பு, 20 ஏக்கரில் கோதுமை நிற்கிறது, 80 ஏக்கர் மக்காச்சோளத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பண்படுத்தப்பட்டிருக்கிறது, 130 வெள்ளாடுகளும் நூற்றுக்கு மேல் பன்றிகளும் உள்ளன, வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கரில் திராட்சைத் தோட்டமும் காய்கறித் தோட்டமும் உண்டு. ஓர் ஆளும் ஆறு வேட்டை நாய்களுமாகச் சேர்ந்து வாரத்துக்கு 300 ராத்தல் கங்காரு இறைச்சிக்குக் குறையாமல் கொண்டுவந்தார்கள். ஊருக்கே பங்கீட்டு உணவு அளந்து கொடுக்கப்பட்ட நாட்கள் அவை. சாப்பாட்டு அறையின் மேசை முன் அமரும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். அதிகாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த தூரம் அந்த மேசையில்தான் தெரிகிறது.

மக்கார்தர் என்றதும் மென்கம்பளிக்குப் பேர்போன மெரினோ ஆடு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தக் கதை மெரினோவில் தொடங்கவில்லை, கல்கத்தாவில் தொடங்குகிறது. 1794இல் ஜான் முதலில் வாங்கியவை கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த 60 வங்காளப் பெட்டை ஆடுகளும் குட்டிகளும். அவற்றின் உடலில் இருந்தது கம்பளி அன்று, வெறும் முடி. அயர்லாந்திலிருந்து வந்த கிடா ஒன்றோடு அவற்றை இணைத்தபோது பிறந்த குட்டிகளின் உடலில் முடியும் கம்பளியும் கலந்து வளர்ந்தன. மென்கம்பளியை இங்கே உருவாக்கலாம் என்ற எண்ணம் அதைக் கண்ட பிறகுதான் தமக்குத் தோன்றியதாக ஜானே பின்னாளில் எழுதினார். 1797இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து மெரினோ ஆடுகள் வந்தபோது அவற்றில் சிலவற்றை வாங்கியது அந்த எண்ணத்தின் தொடர்ச்சி. ஆஸ்திரேலியப் பொருளாதாரத்தையே நூறாண்டுகளுக்கு மேல் தாங்கிய தொழிலின் வேரில் வங்காளத்து ஆடுகளும் இருந்தன என்பது, நம் பக்கத்திலிருந்து போகிற பார்வையாளர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஜானின் அரசியல் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதை எல்லா வரலாற்றுப் பாடங்களும் விரிவாகச் சொல்கின்றன. 1801இல் தம் மேலதிகாரி வில்லியம் பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டையிட்டு அவரைக் காயப்படுத்தியதால், விசாரணைக்காக ஆளுநர் கிங் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார். போன இடத்தில் கம்பளி மாதிரிகளைக் காட்டி ஆதரவு திரட்டி, அரச மந்தையிலிருந்து மெரினோ ஆடுகளை ஏலத்தில் எடுத்து, 5,000 ஏக்கர் நிலத்துக்கான ஆணையோடு 1805இல் ஆர்கோ கப்பலில் திரும்பினார். 1808 ஜனவரி 26இல் ஆளுநர் வில்லியம் பிளையைப் படைப்பிரிவு கைதுசெய்து பதவியிலிருந்து இறக்கிய கிளர்ச்சியின் மையத்தில் அவர் இருந்தார். அதன் விளைவாக 1809இல் மீண்டும் இங்கிலாந்துக்குப் போனவர், திரும்பினால் கைதாவோம் என்ற நிலையில் 1817 வரை அங்கேயே தங்க நேர்ந்தது.

அந்த எட்டு ஆண்டுகள்தான் இந்த வீட்டின் உயிர். 1801 முதல் 1805 வரையிலான நான்கு ஆண்டுகளையும் சேர்த்தால், பன்னிரண்டு ஆண்டுகள் கணவர் இல்லாமல் எலிசபெத் பண்ணையை நடத்தினார். எலிசபெத் ஃபார்ம் மட்டுமின்றி, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கேம்டனில் இருந்த ஆட்டு மந்தைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. எந்தக் கிடாவை எந்த மந்தையில் விடுவது, கம்பளியைக் கழுவித் தரம் பிரிப்பது, பொதி கட்டிக் கப்பலேற்றுவது, கைதிகளுக்கு உணவும் உடையும் அளப்பது, இறைச்சியை அரசுக் கிடங்குக்கு விற்பது, கடன்காரர்களுக்குப் பதில் சொல்வது எனப் பண்ணையின் எல்லா முடிவுகளும் அவர் கையில் இருந்தன. ஜான் கடிதத்தில் யோசனை சொல்வார். ஆனால் ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஓராண்டு பிடிக்கும். வறட்சி வந்தால் ஓராண்டு காத்திருக்க முடியுமா? ஆளுநர் மக்குவாரி, வேளாண்மையை வளர்க்க அவர் எடுத்த முயற்சிகளைப் பாராட்டி, 1816இல் எலிசபெத் ஃபார்முக்கு அருகே 600 ஏக்கர் நிலம் வழங்கினார்.

இந்தப் பொறுப்புகளுக்கு நடுவே அவர் தாங்கிக்கொண்ட இழப்பையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும் என்று ஒவ்வொருவராக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1801இல் தகப்பனோடு கப்பலேறியபோது மகன் ஜானுக்கு வயது ஏழு. அவன் லண்டனில் வளர்ந்து, வழக்கறிஞனாகி, குடும்பத்தின் கம்பளி வணிகத்துக்கும் 1824இல் தொடங்கிய ஆஸ்திரேலிய வேளாண் நிறுவனத்துக்கும் அங்கிருந்தே உழைத்து, 1831இல் அங்கேயே இறந்தான். ஏழு வயதில் வழியனுப்பிய மகனைத் தாய் மறுபடியும் பார்க்கவே இல்லை. படுக்கையறைகளில் ஒன்றில் உட்கார்ந்து இந்த ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். அன்றைய குடியேறிக் குடும்பங்கள் செல்வத்துக்கும் அந்தஸ்துக்கும் கொடுத்த விலை என்னவென்று அங்கே தெரியும்.

1822இல் லண்டனின் கலைக் கழகம் கம்பளிக்காக இரண்டு தங்கப் பதக்கங்களை அளித்தது ஜானுக்கு. 1966இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட இரண்டு டாலர் தாளில் மெரினோ கிடாவுக்கு அருகே அச்சானதும் ஜானின் முகம். மந்தையைக் காத்தவரின் பெயர் பொது நினைவில் நெடுங்காலம் பின்னால்தான் இருந்தது. வீட்டை அவருடைய வீடாகவே, அவருடைய கடிதங்களின் வழியாகவே பார்வையாளரிடம் கொண்டுசேர்ப்பதில் எலிசபெத் ஃபார்ம் வெற்றிபெற்றிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

வரவேற்பறையும் முகப்பும் இன்று நாம் காணும் தோற்றத்துக்கு வந்தது 1820களில். வீட்டைப் பெரிதாக்கி அழகுபடுத்துவதில் ஜான் பேரார்வம் காட்டிய ஆண்டுகள் அவை. அவருடைய மனநிலை மாறிமாறித் தடுமாறிய ஆண்டுகளும் அவையே. சில மாதங்கள் அளவற்ற உற்சாகம், சில மாதங்கள் அறையை விட்டு வெளியே வராத சோர்வு என்று அது நீண்டகாலம் தொடர்ந்தது. 1831இல் மகன் இறந்த செய்தி வந்த பிறகு நோய் முற்றியது. மனைவி துரோகம் செய்தார், மகள்கள் தம்மைக் கொள்ளையடித்தார்கள் என்று குற்றம் சாட்டினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துணை நின்ற எலிசபெத், தம் பெயரைத் தாங்கிய வீட்டிலிருந்தே விலகி வாழ நேர்ந்தது. 1832இல் ஜான் மனநிலை பிறழ்ந்தவர் என்று அறிவிக்கப்பட்டார். பிறகு கேம்டனுக்கு மாற்றப்பட்டு, 1834இல் அங்கே இறந்தார். கணவனும் மனைவியும் கடைசிவரை சமாதானமாகவில்லை. கேம்டனில் ஜான் வெர்ஜ் வடிவமைத்த மாளிகை அடுத்த ஆண்டு நிறைவடைந்தது. எலிசபெத் இந்த வீட்டுக்கே திரும்பிவந்து, 1850இல் இறக்கும்வரை இதையே தம் இல்லமாகக் கொண்டார். அழகான வரவேற்பறையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், அந்தச் சுவர்கள் எழுந்தபோது உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைப்பவர்களுக்கு அந்த அறை மிகவும் கனமானது.

வீட்டின் பின்புறம் சமையற்கட்டுக்குப் போகிறவர்கள் அங்கே சற்றுக் கூடுதலாக நில்லுங்கள். இந்த வீட்டின் செங்கல்லை அறுத்து அடுக்கியவர்களும், மரத்தை வெட்டியவர்களும், ஆடு மேய்த்தவர்களும், அடுப்பு மூட்டியவர்களும் பெரும்பாலும் நாடுகடத்தப்பட்ட கைதிகள். குடியேறிகளுக்கு அரசு கைதிகளை ஒதுக்கிக் கொடுக்கும். உணவும் உடையும் உறைவிடமும் கொடுத்து, கூலி இல்லாமல் வேலை வாங்கிக்கொள்ளலாம். 100 ஏக்கர் காட்டை ஓராண்டில் விளைநிலமாக்க முடிந்தது அவர்களுடைய கைகளால். சமையற்கட்டு அவர்களுடைய உலகத்தைக் காட்டும் ஒரே அறை. வரவேற்பறையில் உட்கார்ந்து படிக்கக் குடும்பத்தின் கடிதங்கள் கட்டுக்கட்டாக மிஞ்சியிருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களும் எழுத நேரமில்லாதவர்களும் அப்படி எதையும் விட்டுச்செல்லவில்லை. எந்த அருங்காட்சியகமும் இந்த ஏற்றத்தாழ்வை முற்றிலும் நிரப்பிவிட முடியாது.

நிலத்தின் கதை இன்னும் முந்தையது. பரமட்டா ஆற்றங்கரை, இம்மண்ணின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் பர்ரமட்டகல் குலத்தாருக்குரிய இடம். ஆற்றில் விலாங்கு பிடித்தும், கரையில் கிழங்கு தோண்டியும் அவர்கள் வாழ்ந்து வந்த மண். குரோஸ் எழுதிக்கொடுத்த 100 ஏக்கருக்கு அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. 1797 மார்ச்சில் பெமுல்வுய் என்ற வீரரின் தலைமையில் திரண்டவர்களுக்கும் படையினருக்கும் மோதல் நடந்தது இதே பரமட்டாவில், இந்த வீடு கட்டி நான்கு ஆண்டுகளுக்குள். கேம்டன் பக்கம் மந்தைகள் பெருகப் பெருக, தாராவல், கண்டங்கரா மக்களின் உணவு நிலங்கள் மேய்ச்சல் நிலங்களாக மாறின. வறட்சியும் சேர்ந்துகொண்ட 1814 முதல் 1816 வரையிலான ஆண்டுகளில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. 1816 ஏப்ரல் 17 விடியலில், ஆளுநர் மக்குவாரி அனுப்பிய படையினர் ஆப்பின் என்ற இடத்தில் பூர்வகுடியினர் குறைந்தது 14 பேரை, பெண்களும் குழந்தைகளும் உட்படக் கொன்றனர். எலிசபெத்தின் வேளாண் முயற்சிக்கு அதே ஆளுநர் நிலம் வழங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் ஒரு குடியேறிக் குடும்பத்தின் வரலாற்றை எழுதவும் முடியாது, பார்க்கவும் கூடாது என்று நான் நினைக்கிறேன். எலிசபெத்தின் மீது நான் கொண்ட மதிப்பு உண்மையானது. அவர் காத்த மந்தைகள் யாருடைய நிலத்தில் மேய்ந்தன என்பதும் அதே அளவு உண்மை.

எலிசபெத்தின் மறைவுக்குப் பின் வீடு குடும்பத்தாரிடம் இருந்து, 1881இல் விற்கப்பட்டது. பண்ணை நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தது. அதன் ஒரு பகுதியில்தான் 1885 முதல் ரோஸ்ஹில் குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. சிதிலமாகிக் கிடந்த வீட்டை 1904இல் ஸ்வான் குடும்பத்தார் வாங்கி, 1968 வரை அதில் வாழ்ந்தார்கள். இடித்துவிட்டு மனை போடாமல் அவர்கள் காத்ததால்தான் நமக்கு இந்த வீடு கிடைத்தது. பழுதுபார்க்கும் பணிகள் முடிந்து 1984இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கேம்டன் மாளிகையோ இன்றும் மக்கார்தர் வழிவந்தவர்களிடமே இருக்கிறது.

போகும் வழி எளிது. பரமட்டா இலகு ரயிலில் ரோஸ்ஹில் கார்டன்ஸ் நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஹாரிஸ் பார்க் ரயில் நிலையத்திலிருந்தும் நடந்து போகும் தூரம்தான். திறந்திருக்கும் நாட்களையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்துப் போகத் தயங்க வேண்டியதில்லை. எதையும் தொடாதே என்று வாசலுக்கு வாசல் அதட்ட வேண்டாத வரலாற்று வீடு இது. தாழ்வாரத்துக்கும் தோட்டத்துக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தோட்டத்தில் நிற்கும் ஒலிவ மரம் ஆஸ்திரேலியாவில் உயிரோடிருக்கும் ஐரோப்பிய ஒலிவ மரங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதன் முறுக்கிய அடிமரத்தை அருகில் நின்று பார்க்காமல் திரும்பிவிட வேண்டாம். மாளிகையின் ஆடம்பரத்தையோ கண்ணாடிப் பெட்டிக்குள் நகைகளையோ எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த இடம் ஏற்றதன்று.

சுற்றுவட்டாரத்திலேயே மேலும் இரண்டு வீடுகள் உள்ளன. ஹாம்பிள்டன் காட்டேஜ் 1824 வாக்கில் மக்கார்தர் கட்டியது. 1805இல் ஆர்கோ கப்பலில் வந்து, குடும்பத்தின் பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியையாகவும் எலிசபெத்துக்கு நெருங்கிய துணையாகவும் இருந்த பெனலோப்பி லூகஸ் அதில் வாழ்ந்தார். எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம், தண்டனைக் காலம் முடிந்த கைதி ஜேம்ஸ் ரூஸ் 1791இல் 30 ஏக்கர் நிலம் பெற்ற இடம். இரண்டே ஆண்டுகளில் அவர் அதை 40 பவுண்டுக்கு மருத்துவர் ஜான் ஹாரிஸிடம் விற்றுவிட்டார். ஹாரிஸ் பார்க் என்ற பெயர் அந்த ஹாரிஸால் வந்தது. மூன்று வீடுகளையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். முதலாளி, ஆசிரியை, விடுதலை பெற்ற கைதி என்று மூன்று வாழ்க்கைகளின் அளவும் அந்த நடையில் பிடிபடும்.

வீட்டைப் பார்த்த பிறகு மேலும் தேட விரும்புபவர்களுக்கு வழிகள் திறந்தே இருக்கின்றன. மக்கார்தர் குடும்பத்தின் கடிதங்களும் கணக்குகளும் சிட்னியில் உள்ள மாநில நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1803 மார்ச் 5இல் தொடங்கிய சிட்னி கெசட் இதழின் பக்கங்களை, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்வது 1828 நவம்பரில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. அதில் ஒவ்வொருவரின் பெயரும் வயதும், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தார் என்பதும், கைதியா விடுதலை பெற்றவரா என்பதும், யாரிடம் என்ன வேலை செய்தார் என்பதும் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. முதலாளி என்ற இடத்தில் மக்கார்தர் பெயர் வரும் வரிகளைத் தேடி எடுத்தால், ஆடு மேய்த்தவர்களும் வீட்டு வேலை செய்தவர்களும் பெயரோடும் வயதோடும் வந்த கப்பலோடும் கிடைப்பார்கள். தாருக் மக்களுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் தரப்படவில்லை. அவர்களுடைய வரலாற்றை, இன்றும் பரமட்டாவிலும் மேற்குச் சிட்னியிலும் வாழும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடமிருந்தே கேட்டறிய வேண்டும்.